விழவிடக் கற்போம்

நுழையும்முன்

கலைஞர் ஒருவருக்கு வாய்த்த முதற்கருவி அவருடைய உடல். யாழின் நரம்பு அறுந்தால் வேறு நரம்பு பூட்டலாம். முழவின் தோல் கிழிந்தால் புதுத்தோல் போர்த்தலாம். தோளின் தசைநாண் கிழிந்தால் அதனை அவ்வளவு எளிதில் மாற்றிவிட இயலாது. ஆயினும், கருவிகளைத் துடைத்து உறையிட்டு வைக்கும் கலைஞர் பலர் தம் உடலைப் பேணுவதில் அத்துணைக் கருத்துச் செலுத்துவதில்லை. பந்தெறி வித்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, உடலைக் காத்துக்கொண்டே ஒரு கலையில் தேர்ச்சி பெறும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

பழங்கலை

ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை மாறிமாறி மேலெறிந்து, கீழே விழாமல் பிடித்தாடும் வித்தையை இன்று உலகம் ‘ஜக்ளிங்’ என்று அழைக்கிறது. இது மிகப் பழமையான கலை. எகிப்து நாட்டில் நைல் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள பெனி ஹசன் என்னும் இடத்துக் கல்லறைச் சுவரில், பெண்கள் பந்துகளை எறிந்து பிடிக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அவ்வோவியத்தின் அகவை ஏறத்தாழ 4000 ஆண்டுகள்.

தமிழருக்கும் இவ்வாடல் புதிதன்று. மகளிர் பாடிக்கொண்டே காய்களை மேலெறிந்து பிடித்தாடிய அம்மானை, இவ்வித்தையின் தமிழ் வடிவமே ஆகும். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி உண்டு. திருவாசகத்தில் திருவம்மானை உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமாகவே அமைந்தது. 

இக்கலையோடு நமக்கு மற்றுமொரு தொடர்பும் உண்டு. இந்திய மல்லர்கள் தோள்வலிமைக்காகச் சுழற்றிய கர்லாக்கட்டையைக் கண்ட ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் அப்பயிற்சியைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். உடற்பயிற்சிக் கூடங்களில் சுழற்றப்பட்ட அக்கட்டைகளே, வடிவும் எடையும் குறைந்து, மேலைநாட்டு வித்தையரங்குகளில் எறிந்து பிடிக்கும் கட்டைகளாயின. உடலை வளர்ப்பதற்கென்று பிறந்த ஒரு கருவி, முறையறியாது பயன்படுத்துவோரின் உடலை வருத்தவும் செய்கிறது என்பது எண்ணத்தக்கது.

வித்தையின் கணக்கு

பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வித்தை மாயமாகத் தோன்றலாம். உண்மையில் இது புவியீர்ப்பு விசையோடு கைகள் நடத்தும் கணக்கு. எறிந்த இடத்திலிருந்து 1.2 மீட்டர் உயரம் எழும் பந்து, மீண்டும் கைக்கு வர ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். இரண்டு நொடிகள் வேண்டுமெனில், பந்து 4.9 மீட்டர் உயரம் எழ வேண்டும். அதாவது, நேரம் இரு மடங்காக வேண்டுமெனில் உயரம் நான்கு மடங்காக வேண்டும். அவ்வுயரத்திலிருந்து இறங்கும் பந்து, மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் கையை வந்தடையும்.

தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன், தாமும் இவ்வித்தையில் பயின்றவர். பந்து காற்றில் இருக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை வெறுமையாக இருக்கும் நேரம், பந்துகளின் எண்ணிக்கை, கைகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் இணைக்கும் ஒரு சமன்பாட்டை அவர் கண்டறிந்தார். அதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. பந்துகளின் எண்ணிக்கையைக் கூட்ட விரும்புபவர் ஒன்று கைகளின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அல்லது எறியும் உயரத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் மணிக்கட்டும், உயரத்தைக் கூட்டினால் தோளும் அதற்குரிய விலையைச் செலுத்துகின்றன.

எண்ணிக்கையையும் கருதிப் பார்ப்போம். மூன்று பந்துகளை ஆடுபவர் நொடிக்கு மூன்று முறை எறிகிறார் என்று கொண்டால், அரை மணி நேரத்தில் 5400 முறை எறிகிறார். ஒவ்வொரு கைக்கும் 2700 முறை. ஒரு பந்தின் எடை 120 கிராம் அளவே இருக்கலாம். ஆனால், ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது, எடையின் சிறுமை நம்மைக் காப்பதில்லை. கயிறு தேய்ந்து கல்லிலும் தடம் பதிவதைக் கிணற்றடியில் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வலி பிறக்கும் இடங்கள்

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். தசையை நோக்கத் தசைநாணுக்குக் குருதியோட்டம் குறைவு. ஆதலால், பயிற்சிக்கு ஏற்பத் தசை விரைந்து வலுப்பெற, தசைநாண் பின்தங்கி நிற்கிறது. புண்பட்டாலும் மெல்லவே ஆறுகிறது. “என்னால் இன்னும் ஆட முடியும்” என்று தசை சொல்லும்போது, “எனக்கு இன்னும் காலம் வேண்டும்” என்று தசைநாண் சொல்கிறது. முதற்குரலை மட்டுமே கேட்பவருக்குத்தான் பெரும்பாலும் காயம் நேர்கிறது.

முன்கையின் தசைகள் பல, முழங்கையின் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் வந்து இணைகின்றன. பந்தையோ கட்டையையோ இறுகப் பற்றும் பழக்கமுடையவருக்கு அவ்விடத்தில் வலி தோன்றும். டென்னிஸ் ஆடாதவருக்கும் வரக்கூடிய இதனை மருத்துவ உலகம் ‘டென்னிஸ் முழங்கை’ என வழங்குகிறது. மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியுண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அவ்வழியே உள்ளங்கைக்குச் செல்கின்றன. தசைநாண்களின் உறைகள் வீங்கினால் நரம்பு நெருக்குண்டு, கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். தோள்மூட்டினை நான்கு சிறுதசைகள் சூழ்ந்து நிலைநிறுத்துகின்றன. உயரமாக எறிதலை அளவின்றிப் பழகினால் அவை சோர்வுறும். ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள தலையைப் பின்னே சாய்த்து நெடுநேரம் அண்ணாந்து நிற்பவருக்குக் கழுத்து நோகும்.

புதிதாகப் பயில்வோர்க்கு வரும் முதல் வலி இவற்றுள் எதுவுமன்று என்பது வியப்புக்குரியது. அது முதுகுவலி. தொடக்கநிலையில் பந்துகள் ஓயாமல் விழுகின்றன. ஒவ்வொன்றையும் எடுக்க இடுப்பை வளைத்துக் குனிய வேண்டியுள்ளது. ஒரு மணி நேரத்தில் நூறு முறைக்கு மேல் குனிந்தெழுந்தவர், தம் முதுகு நோவதற்குப் பந்தெறிதலே காரணம் எனத் தவறாக எண்ணிக்கொள்கிறார்.

தெரிந்து தெளிவோம்

செருமனி நாட்டின் ரீஜென்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வித்தையை அறியாத இளைஞர்களுக்கு மூன்று மாதம் மூன்று பந்து ஆட்டத்தைப் பயிற்றுவித்தனர். பயிற்சிக்குப்பின், நகரும் பொருள்களைக் கண்டுணரும் மூளைப்பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் அளவு கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் கழித்து ஆராய்ந்தபோது, அவ்வளவு மீண்டும் குறைந்திருந்தது. இவ்வாய்வு 2004ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பயிற்சி, கையை மட்டுமன்றி மூளையையும் வடிவமைக்கிறது.

பயிலரங்கின் தேவை

வித்தைக் கலைஞர்கள் தமக்குள் கூடிக் கற்பித்துக்கொள்ளும் மரபு நெடுங்காலமாக உண்டு. பன்னாட்டு ஜக்ளர்கள் சங்கம் 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. ஐரோப்பிய ஜக்ளிங் மாநாடு 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் தொடங்கியது. இத்தகைய கூடல்களில் புதிய ஆட்டமுறைகளைக் கற்பிக்கும் பயிலரங்குகள் மிகுதி. ஆட்டமுறையைக் கற்றுக்கொண்ட உடல் அதனைப் பல்லாண்டுகள் தாங்க வேண்டுமெனில், காயத் தடுப்பும் உடற்கட்டுப்பாடும் அவற்றோடு இணைத்துக் கற்பிக்கப்பட வேண்டும். அத்தகைய பயிலரங்கினை எவ்வாறு நடத்துவது என்பதை இனிக் காண்போம்.

முதற்பாடம்: விழவிடுதல்

பயிலரங்கின் முதற்பணி, பந்தைப் பிடிப்பதைக் கற்பிப்பதன்று; விழவிடுவதைக் கற்பிப்பது. பங்கேற்போர் அனைவரும் மூன்று பந்துகளையும் எறிந்து, ஒன்றையும் பிடிக்காமல், அவை தரையில் விழும் ஓசையைக் கேட்டு நிற்க வேண்டும். முதலில் சிரிப்பு எழும். பிறகு, கைகள் தம்மையறியாமல் பந்தை நோக்கி ஓடத் துடிப்பதை ஒவ்வொருவரும் உணர்வர்.

அத்துடிப்பே பல காயங்களின் தோற்றுவாய். தவறிய கட்டையைத் தரைக்கு அருகே எட்டிப் பிடிக்கப் பாயும்போது, முழங்கால் திருகும், முதுகு சுளுக்கும், விரல் மடங்கும். நெருப்புக் கட்டையும் கத்தியும் ஆடும் நிலைக்கு உயர்ந்தவருக்கு, விழும் பொருளின்மீது பாயும் பழக்கம் பேரிடராகவே முடியும். பொருள் தவறிவிட்டதெனில் ஓரடி பின்வாங்கி அதனை விழவிடுதல், மனத்துக்குத் தோல்வியாகத் தோன்றினும், உடலுக்கு அதுவே பாதுகாப்பு.

விழுந்ததை எடுக்கவும் முறையுண்டு. இடுப்பை வளைக்காமல் முழங்கால்களை மடக்கித் தாழ்ந்து எடுத்தல் நன்று. தொடக்கநிலையினர் கட்டில் ஒன்றின் முன்னோ, உயரமான மேசை ஒன்றின் முன்னோ நின்று பயின்றால் குனிவது பெரிதும் குறையும். தானியம் நிறைத்துத் தைத்த துணிப்பந்துகள் உருண்டோடுவதில்லை. ஆதலால் அவை பயிற்சிக்கு ஏற்றவை.

இரண்டாம் பாடம்: மென்மையாக ஏற்றல்

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 120 கிராம் பந்தை, கையை விறைப்பாக வைத்து 5 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிறுத்துவதாகக் கொள்வோம். அப்போது கை தாங்கும் சராசரி விசை, பந்தின் எடையைப்போல் 21 மடங்கு. அதாவது இரண்டரைக் கிலோகிராம் எடையைத் தாங்குவதற்கு ஒப்பானது. பந்தோடு கையும் தாழ்ந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் அதனை நிறுத்தினால், விசை 5 மடங்காகக் குறையும். 600 கிராம் எடையைத் தாங்கினால் போதும். பந்தும் அதுவே, உயரமும் அதுவே. கை வளைந்துகொடுத்ததே வேறுபாடு.

இதனை எண்ணால் விளக்குவதைவிடச் செவியால் விளக்குவது எளிது. விறைத்த கையில் விழும் பந்து ‘பட்’டென ஒலிக்கும். தாழ்ந்தேற்கும் கையில் ஓசை அடங்கிவிடும். ஆகவே, “ஓசையின்றிப் பிடியுங்கள்” என்ற ஒரே கட்டளையால் பயிற்றுநர் இப்பாடத்தை நடத்திவிடலாம்.

மூன்றாம் பாடம்: உடலைக் கேட்டல்

கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியை விரலால் தொட நம்மால் இயலுகிறது. கை எங்குள்ளது என்பதைத் தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வாங்கிகள் மூளைக்கு இடைவிடாது தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. உடல் தன் நிலையைத் தானே அறியும் இவ்வுணர்வுக்கு, 1906ஆம் ஆண்டு ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் பெயரிட்டார். தமிழில் இதனைத் தன்னிலை உணர்வு எனலாம். உடற்கட்டுப்பாடு என்பது தசையை இறுக்குவதன்று. இவ்வுணர்வைக் கூர்மையாக்குவதே ஆகும்.

இதற்கெனச் சில எளிய பயிற்சிகள் உள்ளன. ஒற்றைக் காலில் நிற்றல். பிறகு கண்ணை மூடி, பற்றிக்கொள்ளச் சுவர் அருகிருக்க, அவ்வாறே நிற்றல். பந்தின்றி வெறுங்கையால், மூன்று பந்து ஆடுவதுபோல் மெல்ல அசைதல். ஒரு பந்தை மட்டும் எறிந்து, அதன் உச்சியை மட்டுமே நோக்கி, கையைப் பாராமல் பிடித்தல். வலக்கையர் இடக்கையிலிருந்தும், இடக்கையர் வலக்கையிலிருந்தும் ஆட்டத்தைத் தொடங்கிப் பழகுதல்.

பயிற்றுநர் ஆட்டத்தின் இடையே, “அசையாதீர்” என்று ஒருமுறை கூற வேண்டும். பந்துகள் விழட்டும். அந்நொடியில் தோள்கள் காதுகளை நோக்கி உயர்ந்துள்ளனவா, பற்கள் இறுகியுள்ளனவா, மூச்சு நின்றுள்ளதா என ஒவ்வொருவரும் தம்மை ஆராய்தல் வேண்டும். கடினமான ஆட்டத்தின்போது மூச்சை அடக்கிக்கொள்வது பலருக்கும் வழக்கம். அதனைத் தாமே கண்டுகொண்டவர், பிறர் சொல்லாமலே திருத்திக்கொள்வர்.

நான்காம் பாடம்: அளவறிதல்

பயிற்சிக்கு முன் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் நடந்தும், தோளையும் மணிக்கட்டையும் மெல்லச் சுழற்றியும் உடலை வெம்மையாக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இடைவேளை விட்டு ஆடுதல் நன்று. நேரம், உயரம், எண்ணிக்கை, எடை ஆகிய நான்கையும் ஒரே வாரத்தில் கூட்டலாகாது. ஒன்றைக் கூட்டும்போது மற்ற மூன்றையும் நிறுத்திவைக்க வேண்டும். பந்திலிருந்து கட்டைக்கு மாறுபவர் இதனைச் சிறப்பாக மனத்திற்கொள்ள வேண்டும். கட்டையின் எடை 200 முதல் 250 கிராம். நீளம் அரை மீட்டருக்கு மேல். எடை ஏறத்தாழ இரட்டிப்பதோடு, கட்டையைச் சுழற்றும் பொறுப்பும் மணிக்கட்டின்மேல் வந்து விழுகிறது.

வலிகளைப் பிரித்தறியவும் கற்பிக்க வேண்டும். புதிய பயிற்சிக்கு மறுநாள், தசை முழுவதும் பரவலாக நோவது இயல்பு. அது சில நாள்களில் நீங்கும். ஓரிடத்தில் குத்தும் வலி, வீக்கம், விரல் மரத்தல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் நோவு ஆகியவை அத்தகையன அல்ல. அவை தோன்றியவுடன் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

மறைக்கப்படும் வலி

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒரு தடை எஞ்சியிருக்கிறது. வலியை வெளியே சொன்னால் ஆட்டம் கைநழுவிப் போகும் என்ற அச்சமே அத்தடை. அன்றாட ஆட்டத்தால் அன்றாட ஊதியம் பெறுபவருக்கு ஓய்வு என்பது உணவிழப்பு. எனவே, வலியை மறைத்து ஆடுவது வீரமாகப் போற்றப்படுகிறது. அது நாளடைவில் பயிற்சியின் இலக்கணமாகவே கருதப்படுகிறது.

இவ்வெண்ணத்தின் சுமையை மிகுதியாகத் தாங்கியவர்கள் சிறார். வளரும் அகவையில் எலும்புகளின் முனையில் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்பு உண்டு. அளவுமீறிய பயிற்சி அதனைப் புண்படுத்தும். மேலும், மறுத்துச் சொல்லும் உரிமையும் சிறார்க்குக் குறைவு. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சர்க்கஸ்களில் சிறாரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யும் அறிவிப்பினை வெளியிடுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. கலையின் பெயரால் ஓர் உடல் சிதைக்கப்படலாகாது என்னும் அறத்தை அவ்வாணை சட்டத்தின் மொழியில் நிலைநாட்டியது.

ஆகவே, பயிலரங்கினை நடத்துபவர்க்குச் சில கடமைகள் உண்டு. தொடங்குமுன், பழைய காயம் உடையோர் அதனைத் தனியே வந்து கூற வாய்ப்பளிக்க வேண்டும். எவரையும் பிறரோடு ஒப்பிடலாகாது. “போதும்” என்று ஒருவர் அமர்ந்தால், காரணம் கேளாமல் ஏற்க வேண்டும். தாம் மருத்துவர் அல்லர் என்பதை மறவாமல், நோய் கண்டறிய முற்படாது, உரியவரிடம் அனுப்ப வேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, தம் பந்து தவறும்போது நாணாமல் அதனை விழவிட்டுக் காட்ட வேண்டும். பயிற்றுநரின் சொல்லைவிட அவர் செயலே மாணவர் உடலில் பதிகிறது.

நிறைவாக

வித்தை காண வந்தோர், விழாத பந்துகளை எண்ணிக் கைதட்டுகின்றனர். ஒரு கலைஞர் எத்தனை பந்துகளை ஆடினார் என்பதோடு, எத்தனை ஆண்டுகள் ஆடினார் என்பதும் அவருடைய திறனுக்கு அளவுகோலாகும். தட்டச்சு செய்வோர், வீணை மீட்டுவோர், பந்து வீசுவோர், நெடுநேரம் எழுதும் மாணவர் என ஒரே அசைவை ஓராயிரம் முறை செய்யும் அனைவருக்கும் இப்பாடம் பொருந்தும். எதனைப் பற்ற வேண்டும் என்பதோடு, எதனை எப்போது விட வேண்டும் என்பதையும் அறிந்த கையே தேர்ந்த கை.

கற்பவை கற்றபின்…

1. ஒரு துணிப்பந்தினை ஓசையின்றிப் பிடித்துப் பழகுக. விறைத்த கையால் பிடிப்பதற்கும் தாழ்ந்தேற்றுப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டினை எழுதி வகுப்பறையில் படிக்க.

2. உங்கள் ஊரிலுள்ள கரகம், சிலம்பம், பறை, நெசவு, மட்பாண்டம் போன்ற ஏதேனும் ஒரு கலை அல்லது தொழிலில் ஈடுபட்டிருப்போரைக் கண்டு, அவர்கள் தம் உடலைப் பேணும் முறைகளைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. எறியப்பட்ட பந்து காற்றில் இருக்கும் நேரம் இரு மடங்காக வேண்டுமெனில், அது எழும் உயரம்
அ) இரு மடங்காக வேண்டும் ஆ) மூன்று மடங்காக வேண்டும் இ) நான்கு மடங்காக வேண்டும் ஈ) எட்டு மடங்காக வேண்டும்

2. சிலப்பதிகாரத்தில் அம்மானை வரி இடம்பெறும் காதை
அ) கானல் வரி ஆ) வாழ்த்துக் காதை இ) ஆய்ச்சியர் குரவை ஈ) வேட்டுவ வரி

குறுவினா

1. தன்னிலை உணர்வு என்றால் என்ன?
2. புதிதாகப் பந்தெறி வித்தை பயில்வோர்க்கு முதுகுவலி தோன்றுவது ஏன்?

சிறுவினா

1. தசைக்கும் தசைநாணுக்கும் உள்ள வேறுபாடு காயம் நேர்வதற்கு எவ்வாறு காரணமாகிறது? விளக்குக.
2. ‘கை வளைந்துகொடுத்ததே வேறுபாடு’ – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

காயத் தடுப்புப் பயிலரங்கினை நடத்துபவர் கற்பிக்க வேண்டிய பாடங்களையும், மேற்கொள்ள வேண்டிய கடமைகளையும் தொகுத்து எழுதுக.